புது ப்ரொஃபைலுக்கு மட்டும் ஏன் பூட்டு இல்லை?

அனுப்புநர்
ஆண்டுச் சந்தா வாடிக்கையாளர்,
மதுரை.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: குடும்பக் கணக்கில் பெற்றோர் கட்டுப்பாடு பயன்படாமல் இருப்பது, திருத்தமும் சந்தாத் தொகையும் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் ஓடிடி செயலியின் குடும்பத் திட்டத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறோம். மாதச் சந்தாவிலிருந்து இதற்கு மாறியதற்கு ஒரே காரணம், பிள்ளைகளுக்குத் தனியாகப் பூட்டு வைக்கலாம் என்று நீங்கள் செய்த விளம்பரம்தான். வீட்டில் ஆறாம் வகுப்புப் பையனும் ஒன்றாம் வகுப்புப் பெண்ணும் இருக்கிறார்கள். பள்ளி விட்டு வந்த பிறகு, நானும் கணவரும் வேலை முடிந்து திரும்பும்வரை என் மாமியார்தான் துணை. அந்த நேரத்தில் டிவியில் என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. அதை உங்கள் பூட்டு பார்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான் பணம் கட்டினோம்.

நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தேன். பெண்ணுக்குக் குழந்தைகள் ப்ரொஃபைல், பையனுக்கு யு/ஏ 7+ (ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான படங்கள்) வரை மட்டும், எங்கள் இருவர் ப்ரொஃபைலுக்கும் நான்கு இலக்க பின் நம்பர். அதுவரை குறை ஒன்றும் இல்லை.

அப்புறம் ஒரு நாள் யார் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்கும் திரையில் 'அப்பத்தா' என்று ஒரு புது ப்ரொஃபைல் இருந்தது. என் மாமியார் கேபிளில் சீரியல் பார்ப்பதோடு சரி. கேட்டதற்கு, "அந்த ரிமோட்டத் தொடவே எனக்குப் பயம்த்தா, நான் எங்கிட்டுப் பாத்தேன்?" என்றார். உள்ளே போய்ப் பார்த்தால், 'ஏ' முத்திரை போட்ட ஒரு குற்றத் தொடர் பாதியில் நிற்கிறது. பையனின் வேலை. அப்பத்தா பெயரைப் போட்டால் யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள் என்பது அவன் கணக்கு. அவனை விசாரித்தது எங்கள் வீட்டு விவகாரம், அதை விடுங்கள். உங்கள் விவகாரத்துக்கு வருகிறேன்.

அந்தத் திரையின் கடைசியில் ஒரு கூட்டல் குறி இருக்கிறது. அதை அழுத்திப் பெயரும் படமும் கொடுத்தால் புது ப்ரொஃபைல் தயார். பின் நம்பர் கேட்பதில்லை, வயது கேட்பதில்லை. தொடக்கத்திலேயே எல்லா வயதினருக்குமான படங்களும் அதில் திறந்தே இருக்கின்றன. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு ஒரு எஸ்எம்எஸ்கூட வருவதில்லை. பார்த்தவற்றைப் பட்டியலிலிருந்து அழிக்கவும் பின் வேண்டாம். வேலை முடிந்ததும் ப்ரொஃபைலையே நீக்கிவிடவும் பின் நம்பர் வேண்டாம். என் பையனுக்கு அந்தக் கடைசி வசதி தெரியாமல் போனதால்தான் எனக்கு விஷயம் தெரியவந்தது. வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட வீட்டைப் பாதுகாப்பான வீடு என்று விற்றிருக்கிறீர்கள்.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். பேசிய தம்பி மரியாதையாகவே பேசினார், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பூட்டு ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனித்தனியாகத்தான் போட முடியும், மொத்தக் கணக்குக்கும் போட வழியில்லை என்று உண்மையைச் சொன்னார். மின்னஞ்சலில் வந்த பதில்தான் எரிச்சலைக் கிளப்பியது. குழந்தைகள் ப்ரொஃபைலைப் பயன்படுத்திப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் யோசனை சொல்லியிருந்தீர்கள். நான் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இன்னொன்று. இந்தக் கட்டுப்பாடுகளை டிவியில் மாற்ற முடியாது, பிரவுசரில் போய்த்தான் மாற்ற வேண்டும். அங்கே மாற்றினாலும் டிவியில் வெளியேறி மறுபடி உள்ளே வரும்வரை பழைய அமைப்பே ஓடுகிறது. இதை எந்த உதவிப் பக்கத்திலும் நீங்கள் எழுதவில்லை. செயலி முழுக்கத் தமிழ் இருக்கிறது, பெற்றோர் கட்டுப்பாட்டுப் பக்கம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது. படம் பார்க்கத் தமிழ் போதும், பிள்ளைகளைக் காக்க ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டுமா?

பையன் ஏன் தன் ப்ரொஃபைலை விட்டு வெளியே போனான் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். யு/ஏ 7+ என்று வைத்தால் தமிழில் மிஞ்சுவது டப்பிங் கார்ட்டூன்கள்தான், அவற்றிலும் பாதி தங்கைக்கானவை. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் பழைய தமிழ்ப் படங்கள், தணிக்கைக் குழுவிடம் 'யு' சான்றிதழ் வாங்கியவை, உங்களிடம் 13+ என்றும் 16+ என்றும் கிடக்கின்றன. எதனால் என்று விளக்கமும் இல்லை. பதினொரு வயதுப் பையனுக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்றால் அவன் கூட்டல் குறியைத்தான் தேடுவான். அவன் செய்ததை நியாயப்படுத்தவில்லை, ஆனால் எனக்கு ஆச்சரியமும் இல்லை.

2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளின் இணைப்பைப் படித்துப் பார்த்தேன். யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று ஐந்து பிரிவுகள். யு/ஏ 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு உள்ளிட்ட கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்கிறது அது. 'ஏ' பிரிவுக்கு வயதைச் சரிபார்க்க நம்பகமான ஏற்பாடு வேண்டும் என்கிறது. அந்த விதிகளில் சிலவற்றுக்கு 2021 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும் எனக்குத் தெரியும், அதைக் காட்டிப் பதில் எழுத வேண்டாம். அந்த ஐந்து முத்திரைகளையும் ஒவ்வொரு படத்தின் மேலும் நீங்களேதான் போடுகிறீர்கள். குறைதீர்ப்பு அலுவலர் என்று உங்களைப் போட்டிருப்பதும் நிறுவனம்தான். முத்திரையைப் போட்டுவிட்டு, பெயரும் படமும் கொடுத்த எவருக்கும் 'ஏ' பிரிவைத் திறந்துவிட்டால் அந்த முத்திரைக்கு என்ன அர்த்தம்?

நான் கேட்பது பெரிய தொழில்நுட்பம் இல்லை. புது ப்ரொஃபைல் உருவாக்கவும், இருப்பதை நீக்கவும், வயது வரம்பை மாற்றவும் கணக்கு வைத்திருப்பவரின் பின் நம்பரைக் கேளுங்கள். கேட்காமல் ஒன்று உருவானால் அது குழந்தைகள் வரம்பிலேயே தொடங்கட்டும், பெரியவர்கள் திறந்துகொள்ளட்டும். மாற்றம் எதுவானாலும் பதிவு செய்த எண்ணுக்குச் செய்தி வர வேண்டும். அந்தப் பக்கம் தமிழிலும், டிவியிலேயே மாற்றும்படியும் இருக்க வேண்டும். படங்களின் வயது முத்திரையை மறுபடி பார்ப்பதற்கு நாளாகும் என்பது புரிகிறது, அதற்கு அவசரப்படுத்தவில்லை. பின் நம்பர் விஷயத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதை எப்போதைக்குள் செய்வீர்கள் என்று 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவியுங்கள். முடியாது என்றால் சந்தாவில் மீதமுள்ள மாதங்களுக்கான தொகையைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், 'அப்பத்தா' ப்ரொஃபைலின் படம், உங்கள் மின்னஞ்சல் பதில் மூன்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பதில் தமிழில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்