ஊர் திரும்பும் குடும்பங்களுக்கு வீடும் பள்ளியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்வியாண்டு முடியப்போகும் இந்த நாட்களில், வரும் ஜூன் மாதத்துக்குள் தமிழ்நாட்டுக்கே திரும்பிவிடலாமா என்று வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, வாடகை, பள்ளிக் கட்டணம், பெரியவர்களின் உடல்நிலை ஆகிய மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கை 14 ஆண்டு டெல்லி வாழ்க்கைக்குப் பிறகு போட்டுப் பார்த்து, 2024ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மாமியாருடனும் இரண்டு பிள்ளைகளுடனும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் திருச்சியில் வந்திறங்கிய குடும்பம் எங்களுடையது. வந்ததில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால், ஓர் ஊர் குடும்பம் நடத்தத் தகுந்த ஊராக இருப்பதற்கு இதமான தட்பவெப்பமும் குறைந்த வாடகையும் மட்டும் போதாது என்பதையும், மீதியைச் செய்யும் பொறுப்பு அரசுக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும் பள்ளிகளுக்கும் உண்டு என்பதையும் எடுத்துச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

டெல்லியில் தமிழர்களாக வாழ்வதில் எங்களுக்குக் குறை இருந்ததில்லை. ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர் முருகன் கோயிலும், 1923 முதல் இயங்கிவரும் டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளும் அங்கு பல தலைமுறைகளுக்கு ஊர் நினைவைக் காத்துக் கொடுத்திருக்கின்றன. எங்களைக் கிளம்ப வைத்தது குளிர்காலம்தான். ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 4, 5 டிகிரிக்கு இறங்கும்போது என் மாமியாருக்கு முழங்கால் மடங்காது. சமையலறைக்கும் கழிவறைக்கும்கூட ஒருவர் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கு முன்பே, அக்டோபர் இறுதியில், வயல்களில் வைக்கோல் எரிக்கும் புகையும் வாகனப் புகையும் தூசியும் காற்றோட்டமில்லாத குளிரில் ஊர்மேல் அப்படியே தங்கிவிடும். மூன்று வயதிலிருந்தே வீசிங் உள்ள என் மகனுக்கு அந்த நாட்களில் இரவு இரண்டு முறையாவது நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கும். 2023 நவம்பரில் காற்று மாசு காரணமாகப் பள்ளிகளை மூடி, குளிர்கால விடுமுறையை முன்கூட்டியே அறிவித்தார்கள். பூட்டிய சன்னல்களுக்குப் பின்னால் பிள்ளைகள் அடைந்து கிடந்த அந்த வாரத்தில்தான், அடுத்த குளிர்காலத்தை இங்கே கழிப்பதில்லை என்று முடிவெடுத்தோம்.

எங்கே போவது என்ற கேள்விக்கு விடை காணப் பல மாதங்கள் ஆயின. சென்னையில் வாடகை டெல்லியைவிடக் குறைவாக இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. கோயம்புத்தூரின் தட்பவெப்பம் பிடித்திருந்தது. ஆனால், அங்கு எங்களுக்கு உறவினர் எவரும் இல்லை. கணவரின் கணக்குப் பணியைப் பாதி வீட்டிலிருந்தும் பாதி சென்னை சென்றும் செய்ய முடியும் என்பதால், சென்னைக்கு ஏறத்தாழ 330 கிலோமீட்டர் தொலைவில், பகலிலும் இரவிலும் ரயில் வசதியுடன் இருக்கும் திருச்சியைத் தேர்ந்தெடுத்தோம். டெல்லி மயூர் விஹாரில் 24,000 ரூபாய் கொடுத்த இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ஈடான வீடு திருவானைக்காவல் பகுதியில் 11,500 ரூபாய்க்குக் கிடைத்தது. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாமியார் இப்போது யாருடைய துணையும் இல்லாமல் காலையில் கோயிலுக்கு நடந்து போய் வருகிறார். மகனின் நெபுலைசர் அலமாரியில் இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் இரண்டு நாட்கள் எடுத்ததுதான் கடைசி.

திருச்சி வெயிலைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. கத்திரி வெயில் நாட்களில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. காவிரிக் கரையில் இருப்பதால் மட்டும் அந்த வெப்பம் தணிந்துவிடாது. வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் புத்திமதி, வாடகை ஆயிரம், இரண்டாயிரம் குறைகிறதே என்று மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டைப் பிடிக்காதீர்கள் என்பதுதான். பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் கூரை இரவு பன்னிரண்டு மணி வரை அனலை இறக்கும். மிச்சப்பட்ட வாடகை மின்கட்டணமாகப் போய்விடும்.

இனி வீடு பிடித்த கதைக்கு வருகிறேன். டெல்லியில் ஒரு மாத வாடகையை, மிஞ்சினால் இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துப் பழகிய எங்களிடம், இங்கு பார்த்த முதல் நான்கு வீடுகளிலும் ஒரு லட்சத்துக்குக் குறையாமல் அட்வான்ஸ் கேட்டார்கள். அதாவது, ஏறத்தாழ ஒன்பது, பத்து மாத வாடகை. சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பிய செலவு, தரகருக்கு ஒரு மாத வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்கும் குடும்பத்துக்கு, இந்த ஒரு லட்சம்தான் வருவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது. மாத வாடகை மலிவு என்று எழுதும் எவரும் இந்தத் தொகையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் 2017இல் நிறைவேற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம், முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்று அளவு வைத்திருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத பட்சத்தில்தான் மூன்று மாத அளவு பொருந்தும் என்று அதே பிரிவு இடம் விட்டிருப்பதால், பத்து மாதம் கேட்பவரும் அதை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் போதும் என்றாகிவிடுகிறது. பிள்ளைகளோடு விடுதி அறையில் தங்கி வீடு தேடும் ஒருவர் எதில்தான் கையெழுத்திட மறுப்பார்? ஓர் உரிமையாளரிடம் பதிவைப் பற்றி நான் கேட்டபோது, அப்படியானால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்ற ஒரே வரியில் பேச்சு முடிந்தது.

மின்கட்டணமும் இப்படித்தான். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரத்தை அரசு கட்டணமின்றித் தருகிறது. ஆனால், வீட்டுக்காரர் தனியாக வைத்திருக்கும் சப் மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வீதம் பணம் கொடுக்கும் வாடகைதாரருக்கு அந்தச் சலுகை வந்து சேர்வதே இல்லை. இதைவிட மனத்தைப் புண்படுத்தியது, இரண்டு வீடுகளில் வாடகையைச் சொல்வதற்கு முன்பே, “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டதுதான். 14 ஆண்டுகளில் டெல்லியில் எங்களை ‘மதராசி’ என்றவர்கள் உண்டு. என் பிள்ளைகளின் முன்னால் சாதி கேட்டவர் ஒருவரும் இல்லை.

வீட்டுப் பிரச்சினை ஒரு மாதத்தில் தீர்ந்தது; பள்ளிப் பிரச்சினை ஓராண்டுக்கு மேல் நீடித்தது. என் மகள் அப்போது ஏழாம் வகுப்புக்குச் செல்ல வேண்டியவள். வீட்டில் தமிழ்தான் பேசுவோம். பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவள். ஆனால், எங்கள் வீட்டருகே இருந்த டெல்லிப் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே கற்றதால், அவளுக்குத் தமிழ் எழுத்துகள் தெரியாது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கு பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். அந்தச் சட்டத்தை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். தமிழ்நாட்டில் வளரும் குழந்தை தமிழ் படிக்காமல் பள்ளியை முடிப்பது முறையன்று. ஆனால், எழுத்தே அறியாமல் ஏழாம் வகுப்பில் வந்து அமரும் குழந்தைக்கு யார், எப்போது, எந்த மணி நேரத்தில் சொல்லிக்கொடுப்பது என்பதற்குப் பள்ளியில் பதில் இல்லை. செய்யுள் மனப்பாடப் பகுதியை ஆசிரியர் ஒவ்வொருவராக எழுப்பிப் படிக்கச் சொல்லும் நாட்களில் என் மகள் காலையில் வயிற்று வலி என்பாள். தமிழ் பேசத் தெரிந்த பெண், தமிழ் வகுப்பைக் கண்டு அஞ்சினாள். மாமியாரும் பக்கத்துத் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரும் ஒன்றாம் வகுப்புப் பாடநூலிலிருந்து தொடங்கி 14 மாதங்கள் சொல்லிக்கொடுத்த பிறகே அவளால் தடுமாறாமல் படிக்க முடிந்தது. அப்படிப்பட்ட பாட்டியும் அப்படிப்பட்ட அண்டை வீட்டாரும் எல்லாக் குழந்தைகளுக்கும் அமைவதில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கொரோனாவுக்குப் பிந்தைய கற்றல் இடைவெளியைச் சரிசெய்ய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் தன்னார்வலர்களைக் கொண்டு மாலை வகுப்புகள் நடத்தியதும், தொடக்க வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைக் கொண்டுவந்ததும் தமிழ்நாடு அரசின் பள்ளிக்கல்வித் துறைதான். அந்த அனுபவத்தைக் கொண்டு, நான்காம் வகுப்புக்கு மேல் வெளிமாநிலத்திலிருந்து வந்து சேரும் குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் நாள்தோறும் ஒரு மணி நேரத் தமிழ் வகுப்பை ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியிலாவது தொடங்க முடியும். முதல் ஆண்டில் அவர்களுக்குத் தனி வினாத்தாள் தரலாம். இது டெல்லி, மும்பையிலிருந்து திரும்பும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. திருப்பூரிலும் கோவையிலும் பின்னலாடை ஆலைகளிலும் கட்டுமானப் பணியிலும் உழைக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்படுவது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்வதைப் பள்ளிச் சேர்க்கை அறிவிப்புப் பலகையிலேயே எழுதி வைப்பதும் பெரும் உதவியாக இருக்கும்.

வீட்டு வாடகையைப் பொறுத்தவரை, முன்பணம் எந்த ஒப்பந்தத்தாலும் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று சட்டப்பிரிவைத் திருத்துவதும், வாடகைதாரர் தம் பெயரிலேயே மின்கட்டணம் செலுத்தும் வகையில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனி இணைப்பை வலியுறுத்துவதும் அரசு செய்ய வேண்டியவை. ஒப்பந்தப் பதிவை வீட்டுக்காரர் மறுத்தால் வாடகைதாரர் யாரிடம் போக வேண்டும் என்பதை மாநகராட்சி மண்டல அலுவலகங்களில் தமிழில் விளக்கி வைக்கலாம்.

என் கணவரின் தம்பி குடும்பம் வரும் மே மாதம் டெல்லியிலிருந்து இங்கு வரவிருக்கிறது. மூத்த பையன் எட்டாம் வகுப்புக்குப் போகிறான். இளையவள் ஐந்தாம் வகுப்பு. இருவருக்கும் தமிழ் எழுதத் தெரியாது. அவர்களுக்காக உறையூரிலும் கே.கே. நகரிலும் இந்த வாரம் மூன்று வீடுகள் பார்த்தேன். மூன்றிலும் ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருவானைக்காவல், திருச்சிராப்பள்ளி.