பாலம் கட்டக் காசு இருக்கிறது, பேரிங் மாற்ற இல்லையா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

புதுப் பாலம் என்றால் எத்தனை கோடி என்று பெரிய எழுத்தில் செய்தி வருகிறது. அதை அடுத்த முப்பது வருஷம் யார், எந்தக் காசில் பராமரிப்பார்கள் என்று யாரும் கேட்பதில்லை. திருச்சிக்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஸ்ரீரங்கத்தையும் டவுனையும் இணைக்கிற காவிரிப் பாலம் 1976-ல் திறந்தது. அதில் மக்களைப் பாடாய்ப் படுத்தியவை தளத்தின் துண்டுகள் சேரும் இடைவெளியில் இருக்கும் எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட்டும், தூணுக்கும் தளத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் பேரிங்கும்தான். வெயிலில் தளம் விரியும், குளிர்ந்தால் சுருங்கும், அதற்கு இடம் கொடுக்கத்தான் இரண்டும் இருக்கின்றன. பாலத்தின் ஆயுசு முழுக்க உழைக்கிற பாகங்கள் அல்ல, அவ்வப்போது மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் தாரையும் ஜல்லியையும் போட்டு அடைத்தால் அடுத்த மழைக்குள் பெயர்ந்துவிடும், பைக்கில் போகிறவருக்கு இடுப்பு கழன்றுவிடும், ஒவ்வொரு பஸ் ஏறி இறங்கும்போதும் தளத்தின் விளிம்பில் அடி விழுந்துகொண்டே இருக்கும்.

நம்மூர்ப் பாலங்களில் ஓரமாக நடந்து பாருங்கள். மழைத்தண்ணீர் வெளியேற வேண்டிய துளைகளில் மண் அடைத்து, அந்த மண்ணில் அரசங்கன்று வளர்ந்திருக்கும். அதை எடுக்க ஒரு ஆளும் கடப்பாரையும் போதும். எடுக்காமல் விட்டால் தண்ணீர் தேங்கி, ஜாயிண்ட் வழியாக இறங்கி, உள்ளே இருக்கிற கம்பியை அரிக்க ஆரம்பித்துவிடும்.

கடைசியில் என்ன ஆனது? 2022 இறுதியில் காவிரிப் பாலத்தையே மூடி, ஏறக்குறைய 7 கோடி ரூபாய் செலவில் சரிசெய்து, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். நடுவில் வைகுண்ட ஏகாதசி வேறு! பஸ்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு போனதில் எரிந்த டீசலும், ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக ஜனங்கள் பட்ட பாடும் எந்தக் கணக்கிலும் வராது. இப்போது பக்கத்திலேயே 106 கோடி மதிப்பீட்டில் இன்னொரு பாலம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, போக்குவரத்து அப்படிப் பெருகிவிட்டது. ஆனால் அதிலும் ஜாயிண்ட்டும் பேரிங்கும் இருக்குமே.

2018 ஆகஸ்ட்டை மறந்துவிட்டோமா? கொள்ளிடத்தில் 1928-ல் கட்டிய இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சரிந்தன. அதே மாதம் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டியது அது. புதிய கதவணைக்கு ஒதுக்கியது 387 கோடி. ஆற்று மணலை வருஷக்கணக்கில் அள்ளி, தூண்களின் அடிவாரம் வெளியே தெரிகிற அளவுக்கு விட்டதற்கு நாம் கொடுக்கிற விலையும் இதில் சேர்ந்திருக்கிறது.

பணம் இல்லை என்றால் நம்ப முடியவில்லை. வண்டி வாங்கும்போதே ஆயுள் வரி கட்டுகிறோம், அது அரசின் பொதுக் கணக்கில் போய்ச் சேருகிறது. பெட்ரோல், டீசலில் சாலைக்கென்று மத்திய அரசு செஸ் என்ற கூடுதல் வரி வாங்குகிறது, 2018-ல் சட்டத்தைத் திருத்தி அந்த நிதியை ரயில்வே, நீர்வழி என்று மற்ற கட்டமைப்புகளுக்கும் செலவழிக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அப்புறம், புதுப் பாலத்துக்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. பேரிங் மாற்றினால் யார் பெயரைப் பொறிப்பது? பட்ஜெட்டில் கை வைக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டு விழுவது பராமரிப்புக்குத்தான்.

நெடுஞ்சாலைத் துறையின் பொள்ளாச்சி கோட்டத்தில் பல வருஷங்களுக்கு முன்பே ஒரு ஒப்பந்த முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரே ஒப்பந்ததாரர் ஐந்து வருஷம் சாலையை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும், பள்ளம் விழுந்தால் குறித்த நேரத்துக்குள் மூட வேண்டும், இல்லையென்றால் பில்லில் பிடித்தம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தனி டெண்டர் விடுவதைவிட இது எவ்வளவோ மேல். இதே போல பாலங்களுக்கும் கறாரான ஒப்பந்தம் போடலாம்.

என் கோரிக்கை இரண்டுதான். ஒன்று, புதுப் பாலத்துக்கு மதிப்பீடு போடும்போதே அதன் பராமரிப்புத் தொகையையும் சேர்த்து, வேறு எதற்கும் எடுக்க முடியாதபடி தனிக் கணக்கில் வைக்க வேண்டும். இரண்டு, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பாலங்களை ஆய்வு செய்வதாகச் சொல்கிறார்களே, அந்த அறிக்கையின் சுருக்கத்தைப் பாலத்தின் முகப்பிலேயே பலகையில் எழுதி வையுங்கள்: கடைசியாகப் பார்த்த தேதி, கண்ட குறை, சரிசெய்யப் போகும் தேதி. காவிரிப் பாலத்திலிருந்தே தொடங்கலாம், அடுத்த வெள்ளம் வருவதற்குள்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கம் வாசகர்