இரண்டாம் ஆண்டு பெற்றோருக்கு: பச்சைப்பயிறு வளரும் இரண்டு வாரம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் வியாழக்கிழமை இரண்டாம் ஆண்டு அறிவியலில் ‘தாவரங்களின் அடிப்படைத் தேவைகள்’ பாடம் தொடங்குகிறது. அன்று பிள்ளைகள் ஆளுக்கு மூன்று நெகிழிக் குவளைகளை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அவை 14 நாள் உங்கள் வீட்டில் இருக்கும். ஒன்று செழிக்கும், ஒன்று வாடும், ஒன்று வெளுத்துப்போகும். பிந்திய இரண்டையும் காப்பாற்றிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

“நீர், காற்று, சூரிய ஒளி” என்று ஒப்பிக்கப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் போதும். சோதனைத் தாளுக்கும் அது போதும். ஆனால் அப்படி ஒப்பித்த பிள்ளையிடம் “அப்போ மண் வேண்டாமா?” என்று கேட்டுப் பாருங்கள், விழிக்கும். பதிலைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அந்தக் குழப்பம் வராது. பார்ப்பதற்கு, வாடும் குவளை வாடத்தான் வேண்டும்.

புதன்கிழமை இரவு ஒன்பது மணிவாக்கில் 25 பச்சைப்பயிறை ஒரு கிண்ணம் தண்ணீரில் ஊறப்போடுங்கள். மளிகைக்கடைப் பயிறே போதும், ஆனால் முழுப்பயிறாக இருக்க வேண்டும். உடைத்த பாசிப்பருப்பில் முளைக்கரு சிதைந்திருக்கும், அது முளைக்காது. காலையில் மிதப்பவற்றைக் கழித்துவிட்டு, மற்றவற்றை ஈரமான டிஷ்யூவில் சுற்றிக் கொடுத்தனுப்புங்கள். ஊறவைக்க மறந்துவிட்டால் காலையில் வெந்நீரில் போட்டு அவசரப்படுத்த வேண்டாம், கரு வெந்துவிடும். பள்ளியில் கூடுதலாக ஊறவைத்திருப்போம். உரக்கடையில் விற்கும் விதைகளில் சில சிவப்பு, நீலச் சாயத்தோடு வரும். அது பூஞ்சைக்கொல்லி மருந்து. அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

நம் ஊர்தானே என்று செம்பனை விதையையோ ரப்பர் விதையையோ எடுத்து அனுப்ப வேண்டாம். செம்பனை விதை தானாக முளைக்க மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் விதை நிலையங்களில் அதைப் பல வாரம் ஏறத்தாழ 40 பாகை வெப்பத்தில் வைத்து உறக்கம் கலைக்கிறார்கள். ரப்பர் விதையின் சிக்கல் நேர்மாறானது, காய்ந்தால் சில வாரங்களில் செத்துவிடும். 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன சுமார் 70,000 விதைகளில் 3,000 கூட முளைக்கவில்லை. அப்படித் தப்பிய கன்றுகளில் 22 மறு ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. நம் பேரா மாநிலத்துக் கோலகங்சாரின் முதல் ரப்பர் மரங்கள் அந்த வழியில் வந்தவையே. பச்சைப்பயிறு இப்படியெல்லாம் சோதிக்காது. நம் வெப்பத்தில் இரண்டாம் நாள் வேர் நீட்டும், மூன்று நான்கு நாளில் மண்ணைப் பிளந்து வரும், ஆறாம் நாளுக்குள் முதல் இலைச் சோடி விரிந்துவிடும்.

மூன்று குவளைகளிலும் ஒரே கலவைதான்: இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு மணல். அடியில் மூன்று துளைகள் இருக்கும். குவளைக்கு ஐந்து விதை, ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம். மண், விதை, குவளை எல்லாம் ஒன்றாக இருந்து, ஒரே ஒரு விஷயம் மட்டும் மாறினால்தான் வித்தியாசம் எதனால் வந்தது என்று சொல்ல முடியும். இதைப் பிள்ளைகள் ‘நியாயமான சோதனை’ என்று படிப்பார்கள். உரம், கோழிச்சாணம், அரிசி களைந்த நீர், தேயிலைச் சக்கை எதையும் எந்தக் குவளையிலும் சேர்க்காதீர்கள். பாட்டிமார்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

முதல் குவளைக்குக் காலைவெயில் மூன்று நான்கு மணி நேரம் படும் இடம் வேண்டும். தினமும் காலையில் 3 தேக்கரண்டி, அதாவது 15 மில்லி தண்ணீர். இலை விரிந்த பிறகு மாலையிலும் அதே அளவு. இரண்டாவது குவளையும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். ஐந்தாம் நாள்வரை அதற்கும் தண்ணீர் உண்டு, ஆறாம் நாளிலிருந்து ஒரு சொட்டும் கிடையாது. தொடக்கத்திலிருந்தே தண்ணீர் காட்டாவிட்டால் விதை விதையாகவே கிடக்கும். செடிக்குத் தண்ணீர் எதற்கு என்பதை அதில் பார்க்க முடியாது. இரண்டு குவளைகளும் கூரைக்கு அடியில் இருக்க வேண்டும். மாலை இடிமழை ஒரு நாள் உள்ளே அடித்தால் இரண்டாவது குவளையின் கதை முடிந்தது.

மூன்றாவதுதான் இந்தப் பாடத்தின் உயிர். அது விதைத்த நாளிலிருந்தே இருட்டில் இருக்க வேண்டும். காலணி வந்த அட்டைப்பெட்டி போதும், அல்லது துணி அலமாரியின் ஒரு மூலை. மைலோ டின்னைக் கவிழ்த்து மூடாதீர்கள். வெளிச்சத்தோடு காற்றும் தடைபட்டு இரண்டு விஷயங்கள் மாறிவிடும். காலையில் தண்ணீர் ஊற்ற அரை நிமிடம் திறந்தால் போதும். இருட்டில் மண் மெதுவாகத்தான் காயும், ஆகவே மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஈரமாக இருந்தால் அன்று ஊற்ற வேண்டாம்.

ஆறாம் ஏழாம் நாளில் பிள்ளை ஓடி வந்து, “இருட்டில் இருக்கிறதுதான் உயரமா வளருது!” என்று சொல்லும். உண்மைதான். வெயிலில் இருப்பதைவிட அது ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரம் இருக்கும். பல வீடுகளில் பாடம் இங்கே தடம் புரள்கிறது. பெரியவர்கள் “இல்லையில்லை, வெளிச்சம் வேண்டும்” என்று திருத்திவிடுகிறார்கள். பிள்ளை கண்ணால் கண்டதை விட்டுவிட்டு வாயால் கேட்டதை எழுதுகிறது. தயவுசெய்து திருத்தாதீர்கள். “எதன் தண்டு தடிமன்? எதன் இலை பெரிது? என்ன நிறம்?” என்று மட்டும் கேளுங்கள். பசாரில் வாங்கும் தௌகேயைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அதுவும் இதே பச்சைப்பயிறுதான், இருட்டில் முளைக்க வைத்தது. அதனால்தான் வெளுத்து நீண்டிருக்கிறது.

வெளிச்சம் கிடைக்காத செடி இலைக்கும் பச்சையத்துக்கும் செலவு செய்வதில்லை. இருப்பதையெல்லாம் தண்டை நீட்டுவதில் போட்டு வெளிச்சத்தைத் தேடுகிறது. அந்த இருப்பு விதையின் இரண்டு பருப்புகளில் உள்ள சேமிப்பு. பத்தாம் நாளுக்கு மேல் பருப்புகள் சுருங்கி உதிரும், செடி நிற்க முடியாமல் சாயும். ஐந்தாம் நாளில் சோதனையை முடித்திருந்தால் இருட்டுதான் வென்றிருக்கும். 14 நாள் வைத்திருக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

நான்காவது சோதனை காற்றுக்கானது, அதைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்கிறோம். கொதிக்க வைத்து ஆற்றிய நீரில் கரைந்த காற்று பெரும்பாலும் வெளியேறியிருக்கும். அதில் பயிறைப் போட்டு, மேலே சமையல் எண்ணெய் ஒரு விரல் கனம் ஊற்றினால் புதுக்காற்று உள்ளே போகாது. பயிறு ஊதும், பிறகு அழுகும். செடியைப் போத்தலில் வைத்து மூடிக் காட்டும் பழைய முறையை விட்டுவிட்டோம். உள்ளே இருக்கும் காற்றிலேயே செடி பல நாள் பசுமையாக இருப்பதால், பிள்ளைகள் தப்பான முடிவுக்கு வருவார்கள். வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர் நெல்லைப் போடாதீர்கள், அது நீருக்குள்ளேயே முளைவிடக்கூடியது.

மண்ணுக்கு வருவோம். மண் செடியைத் தாங்குகிறது, நீரையும் தாதுக்களையும் தருகிறது. ஆனால் செடியின் உணவு மண்ணிலிருந்து வருவதில்லை, உரமும் உணவு அல்ல. வான் ஹெல்மண்ட் என்பவர் 91 கிலோ மண்ணில் வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு ஐந்தாண்டு வளர்த்தார். 1648-இல் வெளியான அவர் குறிப்பின்படி மரம் ஏறத்தாழ 75 கிலோ கூடியது, மண் குறைந்ததோ 60 கிராமுக்கும் கீழே. எல்லாம் தண்ணீரால் என்று அவர் நினைத்தார். காற்றிலுள்ள கரியமிலவாயுவும் நீரும் சேர்ந்து, வெளிச்சத்தின் துணையால் இலையில் உணவாகின்றன என்பது பின்னால் தெரிந்தது. ஏழெட்டு வயதுக்கு “இலை வெளிச்சத்தில் சாப்பாடு செய்கிறது” என்பதே போதும்.

வழக்கமாக வரும் கோளாறுகளில் முதலாவது அதிகத் தண்ணீர். தண்டு மண்ணோடு ஒட்டும் இடத்தில் கறுத்து மெலிந்து செடி படுத்துவிட்டால் அது பூஞ்சை. ஒரு நாள் தண்ணீரை நிறுத்துங்கள், விழுந்ததைப் பிடுங்கிவிடுங்கள். ஐந்து விதை போடுவது இதற்காகவும்தான். தகரக் கூரைக்கு நேர் கீழே நண்பகல் வெயிலில் வைத்தால் சின்னக் குவளையில் மண் சூடேறி வேர் வெந்துவிடும். கோழி, நத்தை எட்டாத உயரம் வேண்டும். குவளைக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் தினமும் நீரைக் கொட்டிவிடுங்கள், ஏடிஸ் கொசு ஒரு வாரத்துக்குச் சற்று மேல் கிடைத்தாலே முட்டையிலிருந்து பறந்துவிடும். மண் போதவில்லை என்று மருந்து அடித்த செம்பனை அடியிலிருந்து அள்ளாதீர்கள். சில களைக்கொல்லிகள் மண்ணில் வாரக்கணக்கில் தங்கும். மருந்து வந்த காலி டின்களை எதற்கும் தொடக் கூடாது.

பதிவட்டையில் நாளுக்கு ஒரு வரி, ஒரு சிறு படம். உயரத்தை மண்மட்டத்திலிருந்து நுனிவரை அளக்க வேண்டும். வளைந்த தண்டுக்கு நூலை ஒட்டிப் பிடித்து, பிறகு நூலை அடிக்கோலில் வைக்கலாம். படத்தைப் பிள்ளையே வரையட்டும், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. புலனத்தில் அனுப்பும் புகைப்படங்கள் அட்டைக்கு ஈடாகாது.

வாடும் செடியைப் பார்த்து அழும் பிள்ளைகளும் உண்டு. 14-ஆம் நாள் மாலை, புதன்கிழமை, உயிரோடு இருப்பதற்கெல்லாம் தண்ணீர் ஊற்றலாம் என்று சொல்லிவையுங்கள். இருட்டுச் செடியை நேரே வெயிலில் வைக்காமல் இரண்டு நாள் நிழலில் வையுங்கள். தெம்பு மிச்சம் இருந்தால் பச்சை ஏறும். அட்டையையும் குவளைகளையும் மறுநாள் வியாழன் காலை கொடுத்தனுப்புங்கள். பிழைத்தவற்றைத் திடல் வேலியோரம் நடுவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்