வாசற்படியில் உட்கார்ந்த ஆத்தாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கும், வேறு சாமியைக் கும்பிட்டாலும் எங்களுக்காக நின்ற நல்ல மனிதர்களுக்கும் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

நேற்று எங்கள் ஜெபவீட்டில் ஞாயிறு ஆராதனை முழுதாக நடந்து முடிந்தது. ஆரம்பப் பாட்டிலிருந்து ஆசீர்வாத ஜெபம் வரை ஒருவரும் தடுக்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது. இதற்கு முன் சிலர் வந்து எங்கள் ஆராதனையைத் தடுத்ததும், எங்கள் தம்பி ஒருவன் அடிவாங்கியதும் உங்களுக்குத் தெரியும், பலர் போனில் வீடியோவாகவே பார்த்துவிட்டீர்கள். அதை மறுபடி எழுத மனம் வரவில்லை. எங்கள் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். அந்தச் சத்தத்தை அவர்கள் இன்னொரு முறை கேட்க வேண்டாம். நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் எதிர்வீட்டு ஆத்தாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நேற்று வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தீர்கள், ஆனால் அவர் ஏன் அங்கே இருந்தார் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

ஆத்தா ஓட்டல்காரர்களுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்துக் கூலி வாங்குகிறவர். எந்நேரமும் தன் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்து உரிப்பார். இத்தனை வருடத்தில் எங்கள் வாசலுக்கு இந்தப் பக்கம் அவர் வந்ததே இல்லை. பங்குனியில் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவர். நாங்கள் பாடுகிற பாட்டு ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.

நேற்றுக் காலை நான் பூட்டைத் திறக்கப் போனபோது அவர் வெங்காயச் சாக்கை இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். எங்கள் வாசற்படியில் ஒரு பழைய சேலையை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உரிக்க ஆரம்பித்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் என்ன கேட்பது என்று தெரியாமல் உள்ளே போய்ப் பாய் விரித்தேன்.

இரண்டாவது பாட்டு பாடிக்கொண்டிருந்தோம். வண்டிச் சத்தம் கேட்டது. உள்ளே எல்லோருடைய குரலும் ஒரேயடியாக இறங்கியது. தோலக் வாசிக்கிற தம்பியின் கை நின்றேவிட்டது. ஜன்னல் பக்கம் இருந்ததால் வெளியே பேசியது எனக்குக் காதில் விழுந்தது.

"ஏஞ்சாமி, யாரைப் பாக்கோணும்?" என்றார் ஆத்தா.

பதில் இல்லை.

"உள்ளார பாடிட்டிருக்காங்க. முடிஞ்சா வெளிய வருவாங்க. அதுவரைக்கும் இப்பிடி உக்காருங்க கண்ணு."

அவர் குரலை உயர்த்தவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. ஆனால் அவரைத் தாண்டாமல் யாரும் கதவைத் தொட முடியாது. வந்தவர்களில் ஒருவன் அவர் இடுப்பில் தூக்கி வளர்த்த பக்கத்துவீட்டுப் பையன். அவன்தான் முதலில் வண்டியைத் திருப்பினான் என்று பிறகு சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற வண்டிகளின் சத்தமும் போய்விட்டது. ஆத்தா எழுந்து போகவில்லை. பிரசங்கம் முடிந்து, காணிக்கைப் பாட்டு முடிந்து, கடைசி ஆள் செருப்பு மாட்டும்வரை உரித்துக்கொண்டே இருந்தார்.

இன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்க வாசல்ல நெழல் இருந்துச்சு அம்மிணி, உக்காந்தேன்" என்றார். அவர் திண்ணையிலும் நிழல் உண்டு. நான் விடவில்லை, மறுபடி கேட்டேன். அப்புறம்தான் சொன்னார்: "எங்க மாரியாத்தாளுக்கு நோம்பி சாட்டுனா நீங்க யாராச்சும் வழி மறிச்சிருக்கீங்களா? இல்லீல்ல. அப்பறம் என்ன."

இதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பேன்?

சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீடு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். திறப்பதா வேண்டாமா என்று பேசிப் பேசிக் களைத்துவிட்டோம். எனக்குப் பயம், பிள்ளைகளுக்குப் பயம், பாஸ்டருக்கும் பயம். அவர் அதை மறைக்கவில்லை. வேதத்தைத் திறந்து 56ஆம் சங்கீதத்தை வாசித்தார். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." சிறுவயதிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த வசனம். ஆனால் அதைப் பாடிய தாவீது எங்கே இருந்துகொண்டு சொன்னான் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. பெலிஸ்தர் அவனைக் காத்தில் பிடித்தபோது பாடியது என்று சங்கீதத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. காத் யாருடைய ஊர்? பெலிஸ்தரின் பெரிய வீரன் கோலியாத்தின் ஊர். தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவுக்குத் தப்பி ஓடுகிற வழியில், நோப் என்ற ஊரில் இருந்த ஆசாரியனிடம் தாவீது கோலியாத்தின் பட்டயத்தைத்தான், அதாவது வாளைத்தான், வாங்கியிருந்தான். கோலியாத்தைக் கொன்றவன், அதே கோலியாத்தின் பட்டயத்தை வாங்கிக்கொண்டு, அவன் ஊருக்கே போய் நிற்கிறான். அங்கே ராஜாவாகிய ஆகீசுக்கு மிகவும் பயந்தான் என்று 1 சாமுவேல் 21 ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது. பைத்தியக்காரனைப் போல நடித்து, தாடியில் எச்சில் வழிய, கதவைக் கீறிக்கொண்டு நின்றான் என்றும் இருக்கிறது.

அந்த மனிதன்தான் இந்த வசனத்தைப் பாடினான். பயம் போன பிறகு நம்புகிறேன் என்று அவன் சொல்லவில்லை, பயப்படுகிற நாளிலேயே நம்புவேன் என்றான். பயம் வந்தாலே விசுவாசம் குறைந்துவிட்டது என்று சிலர் எங்களிடம் சொன்னார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அப்படிச் சொல்வதை நான் இனி ஏற்கமாட்டேன். நேற்று நான் பூட்டைத் திறந்தபோது என் பயம் என்னோடுதான் வந்தது. கர்த்தரும் என்னோடு வந்தார். அவர் எனக்கு முன்பே ஆத்தாவை எழுப்பிச் சாக்கை இழுக்க வைத்திருந்தார் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

மற்றவர்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லி முடிப்பது! டவுனிலிருந்து வந்து எங்களோடு பாயில் உட்கார்ந்த தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) போதகர் ஐயருக்கும், பிள்ளைகளைத் தங்கள் விடுதியில் வைத்துச் சாப்பாடு போட்ட கத்தோலிக்க சிஸ்டர்களுக்கும், வாடகை வாங்காமல் நாற்காலி அனுப்பிய கடைக்கார பாய்க்கும், ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்து நின்ற மில் தோழர்களுக்கும், அடிபட்ட தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி. பெயர் போட்டு எழுத ஆசைதான். யாருக்கும் தொல்லை வரக் கூடாது என்றுதான் போடவில்லை.

வக்கீல் அண்ணன் ஒரு பைசா வாங்கவில்லை. அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவை எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து எங்கள் அம்மாக்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். மனசாட்சிச் சுதந்திரமும், தன் மதத்தை அறிக்கையிடவும் கைக்கொள்ளவும் பரப்பவும் உள்ள உரிமையும் எல்லோருக்கும் சமமாக உண்டு, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு என்றார். கைநாட்டு வைக்கிற எங்கள் சபை அம்மா ஒருவர், "அப்ப நாம திருட்டுத்தனமா எதுவும் பண்ணலைங்களா?" என்று கேட்டுவிட்டு அழுதார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

தென்மாவட்டத்திலிருந்து போன் செய்த மூத்த போதகர் ஐயாவையும் மறக்க மாட்டேன். அவருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து முதலூர். விசுவாசத்துக்காகத் துரத்தப்பட்டவர்கள் தலை சாய்க்க இடம் வேண்டும் என்று 1799இல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர் அது என்று சொன்னார். "எங்க ஊரே இப்படித்தாம்மா வந்துச்சு, நீங்க தைரியமா இருங்க" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கியது.

எங்களைத் தடுத்தவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். நாளைக்குக் காலையில் பால் சொசைட்டி வரிசையில் அவர்களையும் பார்ப்பேன். துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று நம் ஆண்டவர் சொன்னதை மேடையில் பேசுவது சுலபம், அடிவாங்கிய தம்பியின் தலையில் கட்டு இருக்கும்போது செய்வது கஷ்டம். இருந்தாலும் புதன்கிழமை உபவாச ஜெபத்தில் அவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஆசீர்வதித்து ஜெபிக்கத் தீர்மானித்திருக்கிறோம். அந்தத் தம்பிதான் முதலில் ஜெபிக்கிறேன் என்று கேட்டிருக்கிறான்.

எனக்கென்று ஒரு பொருத்தனையும் உண்டு. இந்த ஊரில் யாருடைய வழிபாட்டை யார் மறித்தாலும், அது கோயிலோ பள்ளிவாசலோ, அந்த வாசற்படியில் நானும் போய் உட்காருவேன். இதை என் பிள்ளைகள் முன்னால் கர்த்தரிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. வழிபாட்டுக் கட்டடத்துக்கு ஆட்சியரின் அனுமதி கேட்டு, அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறோம். காலை 9 மணிக்கு ஜெபவீட்டிலிருந்து கிளம்புகிறோம், வர முடிந்தவர்கள் வாருங்கள். அதற்கு முந்தின நாள், வருகிற ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. ஆத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். புரட்டாசி என்பதால் அவர் கறி தொடமாட்டார். அதனால் பந்தி முழுக்கச் சாம்பார், பொரியல், பாயசம்தான். சாம்பாருக்கு வெங்காயம் ஆத்தாவிடமே வாங்குகிறோம், கூலியும் சேர்த்துக் கொடுத்துத்தான்.

உங்கள் ஜெபத்திலும் அன்பிலும் நிற்கிற,
பாஸ்டரம்மா