800 என்பது 800தான்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள லேத் பட்டறை அண்ணனுக்கும், மோட்டார் காயில் கட்டும் ஐயாவுக்கும், ஆசாரி ஐயாவுக்கும், ஐ.டி.ஐ. படிக்கும் தம்பிக்கும்,

வணக்கம். பெயர் எதுவும் போட வேண்டாம் என்று நீங்கள் நால்வரும் சொல்லிவிட்டீர்கள். அதை மதிக்கிறேன். ஆனால் நன்றியை ஊரறியச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

சென்ற வெள்ளிக்கிழமை என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பல்லாங்குழிப் பலகைகளைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, 14 குழிக்கு 70. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே ஐந்தாம் வாய்ப்பாடு அவர்கள் விரல் நுனிக்கு வந்தது. ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் "பசு!" என்று எழுந்த சத்தம் தலைமையாசிரியர் அறைவரை கேட்டது. அந்தச் சத்தத்தில் உங்கள் நால்வருக்கும் பங்கு உண்டு.

இந்தப் பலகைகளைச் செதுக்கத்தான், கணினி சொல்படி மரம் செதுக்கும் 3018 சிஎன்சி இயந்திரத்தைச் சேமிப்புப் பணத்தில் வாங்கினேன். 300 மி.மீ. நீளம், 180 மி.மீ. அகலம் வரை செதுக்கக்கூடியது. உதிரியாக வந்ததை நான்கு மாலைகளில் பூட்டி முடித்தேன். கணக்கும் போட்டு வைத்திருந்தேன்: 36 மி.மீ. அகலம், 12 மி.மீ. ஆழமுள்ள குழிக்கு அதன் கோள வளைவின் ஆரம் 19.5 மி.மீ. வரிசைக்கு ஏழு குழி, குழிக்குக் குழி 40 மி.மீ. இடைவெளி, முதல் குழியின் மையத்திலிருந்து ஏழாவதின் மையத்துக்கு 240 மி.மீ. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. மின்சாரம் கொடுத்ததும் ஒரு மோட்டார் சுழலாமல் நடுங்கிக்கொண்டு உறுமியது.

தம்பி, அன்று நீ எங்கள் தெருவில் தண்ணீர்க் கேன் போட வந்தாய். திண்ணையில் நான் கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகுவதைப் பார்த்துவிட்டு, கேனை இறக்கி வைத்து, "முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள் டீச்சர்" என்றாய். மோட்டாரை இயக்கும் டிரைவர் என்ற சிறு மின்சுற்றுக்கு மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கம்பியைப் பிடுங்கினால் அந்த டிரைவர் எரிந்துபோகும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. நான்கு கம்பிகளில் இரண்டை ஒன்றோடொன்று தொடவைத்து, தண்டை விரலால் சுழற்றச் சொன்னாய். இலகுவாகச் சுழன்றால் அவை வெவ்வேறு சுருள். தடுத்துத் தடுத்து இறுக்கமாகச் சுழன்றால் ஒரே சுருளின் இரு முனைகள். மூன்று நிமிடத்தில் ஜோடிகள் தெரிந்துவிட்டன. கையேட்டில் அச்சிட்டிருந்த நிறங்கள் ஒன்று, மோட்டாரில் வந்த நிறங்கள் வேறு. உதிரியாக விற்பவர்கள் இந்த ஒரு பக்கத்தையாவது சரிபார்த்து அனுப்ப வேண்டும். எனக்கு உதவ நீ வந்தாய், எல்லோர் தெருவுக்கும் ஒரு தம்பி வருவானா?

மறுநாள் உன் மல்டிமீட்டரையும் கொண்டு வந்தாய். மேலும் கீழும் போகும் இசட் அச்சு ஏறும்போது திக்கியது. டிரைவருக்குப் பக்கத்தில் உள்ள சிறு மின்தடையில் ஆர்100 என்று எழுதியிருப்பதைக் காட்டி, அது 0.1 ஓம் என்றாய். அப்படியென்றால் இந்த டிரைவரில், மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் வோல்ட் 0.8 இருந்தால் ஒரு ஆம்பியர். எங்கள் பலகையில் 0.3 வோல்ட்தான் வைக்கப்பட்டிருந்தது. 0.64க்கு உயர்த்தியதும் அச்சு சீராக ஏறியது. "மின்தடையின் எண்ணைப் பார்க்காமல் யாரோ சொன்ன வோல்ட்டை வைக்காதீர்கள்" என்றாய். அந்த வரியை இயந்திரத்தின் பக்கவாட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அடுத்தது அண்ணனைப் பற்றி. இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முதல் பலகையில் வரிசைக்கு ஏழு குழிகளும் வந்தன. ஆனால் முதல் மையத்துக்கும் கடைசி மையத்துக்கும் இடையே 240 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 237 மி.மீ. இருந்தது. இயந்திரத்தின் அமைப்புகளில் டாலர் குறியோடு 100 என்று ஒன்று உண்டு. நீளவாக்கில் நகரும் எக்ஸ் அச்சு ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டார் எத்தனை சிறு படிகள் சுழல வேண்டும் என்பதை அது சொல்லும். அதில் 800 இருந்தது. 800ஐ 240ஆல் பெருக்கி 237ஆல் வகுத்து, 810 என்று மாற்றி வைத்தேன். அடுத்த பலகையில் 241 வந்தது. அதற்கடுத்ததில் 238. ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றினேன், மரம் வீணாகிக்கொண்டே இருந்தது.

ஆவாரம்பாளையத்தில் உங்கள் பட்டறைக்கு அந்தப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். லேத்தை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வரிசையாக அடுக்கிப் பார்த்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "இந்த மரைத்தண்டு, அதாவது அச்சை நகர்த்தும் திருகுத் தண்டு, ஒரு சுற்றுக்கு நான்கு மில்லி நகர்த்தும். மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 படி. அதை டிரைவர் பதினாறாகப் பிரித்தால் 3200. நான்கால் வகுத்தால் 800. நீங்கள் கணக்கு டீச்சர். இதில் 810 எங்கிருந்து வந்தது?"

எனக்குப் பதில் இல்லை. தவறு ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வந்தால் அது அமைப்பு எண்ணின் பிழை, மாறி மாறி வந்தால் எங்கோ ஏதோ தளர்ந்திருக்கிறது என்றீர்கள். எண்ணை 800க்குத் திருப்பச் சொன்னீர்கள். அன்று மாலையே வீட்டுக்கு வந்து, மோட்டார் தண்டிலிருந்து, அதை மரைத்தண்டோடு இணைக்கும் கப்ளிங் வரை மார்க்கர் பேனாவால் ஒரே நேர்கோடாக ஒரு கோடு இழுத்தீர்கள். நான் ஒரு பலகையை ஓட்டினேன். முடிந்தபோது கோடு இரண்டாக உடைந்திருந்தது. தண்டில் இருந்த பாதி ஒரு பக்கம், கப்ளிங்கில் இருந்த பாதி இன்னொரு பக்கம். ஐந்து வாரமாக நான் தேடிய பிழை, சுண்டுவிரல் நகம் அளவு இடைவெளியாகக் கண்முன் நின்றது.

வழவழப்பான வட்டத் தண்டில், கப்ளிங்கை இறுக்கும் சிறு திருகு பிடி கிடைக்காமல் வழுக்கியிருக்கிறது. மோட்டாரைக் கழற்றி, இரும்புத் துகள் உள்ளே போகாமல் துணி சுற்றி, அரத்தால் தண்டில் ஒரு தட்டையைத் தேய்த்தீர்கள். திருகு அந்தத் தட்டையில் உட்கார்ந்தது. மறுபடி ஓட்டியபோது 240. அடுத்த பலகையும் 240. அந்த எண்ணில் நான் கை வைத்தது அதோடு நின்றது.

இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு வகுத்தல் சொல்லித் தருகிறேன். விடை சரியாக வரவில்லை என்றால் கணக்கின் தொடக்கத்துக்குப் போ என்பதுதான் நான் அவர்களிடம் சொல்வது. அதை எனக்கே திரும்பச் சொல்ல நீங்கள் வர வேண்டியிருந்தது. கூலி எவ்வளவு என்று நான் கேட்டபோது ஒரு பலகை வேண்டும் என்றீர்கள்.

காயில் கட்டும் ஐயா, செதுக்கும் மோட்டார் வேகம் எடுத்ததும் கணினியோடு தொடர்பு அறுந்துவிடும் கோளாற்றை நீங்கள் பார்க்காமலேயே கண்டுபிடித்தீர்கள். தொலைபேசியில் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பிரஷ் மோட்டாரா?" என்று ஒரே கேள்வி. மோட்டாருக்குள் உரசும் பிரஷ்ஷில் பறக்கும் பொறி கிளப்பும் மின் இரைச்சல்தான் காரணம் என்றீர்கள். 104 என்று எழுதிய, 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் மூன்று: ஒன்று இரு முனைகளுக்கு இடையே, மற்ற இரண்டும் முனைகளிலிருந்து மோட்டாரின் உடலுக்கு. கடை வாசலில் நின்றபடியே பற்றவைத்துக் கொடுத்தீர்கள். யூஎஸ்பி கம்பியை மோட்டார் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்ததையும் பிரிக்கச் சொன்னீர்கள். அதன்பின் ஒரு முறைகூடத் தொடர்பு அறவில்லை.

ஆசாரி ஐயா, மரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் இயந்திரத்தின் எந்தக் கையேட்டிலும் இல்லை. குழியின் உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவிவிட்டு, "கத்தி செங்குத்தாக நிற்கவில்லை, ஒரு பக்கம் படி விழுகிறது" என்றீர்கள். வளைத்த கம்பியைக் கத்தியின் இடத்தில் பூட்டிக் கையால் சுழற்றிப் பார்த்தபோது, முன்பக்கம் பலகையைத் தொட்டது, பின்பக்கம் தொடவில்லை. ஒரு காகிதத் துண்டை மோட்டார் பிடிப்பின் அடியில் கொடுத்ததும் சரியானது. ஈரம் காயாத பலகையில் பிசிறு வரும் என்று, உங்கள் கொட்டகையில் மூன்று ஆண்டுகளாகக் காய்ந்த வாகைத் துண்டுகளை எடுத்துத் தந்தீர்கள். பிள்ளைகள் கையில் ஒரு சிராய்கூட ஏறவில்லை.

நேரில் பார்க்காத இருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். இந்த இயந்திரத்தை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருளை 2009இல் தொடங்கியவர் நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட். பின்னர் அதை எடுத்து வளர்த்தவர் சங்-உன் ஜியோன். 32 கிலோபைட் இடமே உள்ள ஒரு சிறு சில்லுக்குள் மூன்று அச்சுகளையும் ஒரே தாளத்தில் நகர்த்தும் அறிவை அடக்கி, எவரும் திறந்து பார்க்கும்படி இலவசமாக விட்டிருக்கிறார்கள். அந்தக் கொடை இல்லாமல் என் சேமிப்புக்கு ஏற்ற விலையில் இப்படியொரு இயந்திரம் வந்திருக்காது.

திண்ணை முழுக்க மரத்தூள் படிந்தும் ஒரு நாளும் முகம் சுளிக்காமல், "கண்ணாடி போட்டாயா, முகக்கவசம் போட்டாயா" என்று மட்டும் கேட்ட என் அம்மாவுக்கும் நன்றி.

அண்ணா, உங்கள் பலகை தயார். ஓரத்தில் கப்ளிங்கின் படத்தைச் சிறியதாகச் செதுக்கியிருக்கிறேன். ஐயாக்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், பேரப்பிள்ளைகள் ஊருக்கு வரும்போது தேவைப்படும். தம்பி, உன் மல்டிமீட்டருக்குப் புதுப் பேட்டரி போட்டுவிட்டேன். திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நானே கொண்டு வந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்
கோயம்புத்தூர்