இடம் இருமடங்கு, எடை அப்படியல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சரக்குக் கன்டெய்னர்கள் பற்றிய தங்கள் கட்டுரையில், 40 அடிப் பெட்டி 20 அடிப் பெட்டியைவிட இருமடங்கு சுமக்கும் என்று எழுதியிருந்தீர்கள். ஏற்றுமதிச் சரக்கைப் பெட்டிகளில் அடுக்கும் வேலையை மேற்பார்வையிடுபவன் நான். இதே நம்பிக்கையோடு வருபவர்களிடம் மல்லுக்கட்டுவதிலேயே என் பாதி நாள் போகிறது.

இடம் இருமடங்குதான். 20 அடிப் பெட்டிக்குள் சுமார் 33 கன மீட்டர், 40 அடியில் சுமார் 67. ஆனால் கதவில் எழுதியிருக்கும் எடை வரம்பைப் பாருங்கள். பல பெட்டிகளில் இரண்டு அளவுக்கும் ஒரே எண்தான்: பெட்டியும் சரக்கும் சேர்த்து 30,480 கிலோ. வெறும் பெட்டியே 20 அடிக்கு இரண்டேகால் டன், 40 அடிக்கு மூன்றே முக்கால் டன் அளவில் இருக்கும். ஆக, நீளமான பெட்டி சற்றுக் குறைவாகவே சுமக்கிறது! கருங்கல்லும் தரை ஓடும் சின்னப் பெட்டியில் போவதும், ஆயத்த ஆடையும் மரச்சாமானும் பெரிய பெட்டியில் போவதும் இதனால்தான். சாலையில் லாரிக்கு விதிக்கும் வரம்பு இதைவிடவும் குறையலாம்.

வரம்புக்குள் இருந்தால் மட்டும் போதாது. கப்பலில் மேலே அடுக்கிய பெட்டிகளின் சுமையை நான்கு மூலைத் தூண்களே தாங்குகின்றன. பக்கச் சுவர் நெளிந்த மெல்லிய இரும்புத் தகடுதான். ஒரு வாடிக்கையாளர் கனமான இயந்திரம் ஒன்றைக் கதவோரமாக நிறுத்தி, சுவரே பிடித்துக்கொள்ளும் என்று கட்டாமல் அனுப்பச் சொன்னார். இறக்கும் வசதிக்காம்! கப்பல் பக்கவாட்டில் சாயும்போது அந்த இயந்திரம் யாருடைய வசதியையும் பார்க்காது. இறக்கி, நடுவில் வைத்து, சுமை தரையில் பரவ அடியில் மரச்சட்டம் கொடுத்துக் கட்டிய பிறகே கதவை மூடினோம். அவருக்குக் கோபம், இன்னமும் இருக்கிறது.

2016 ஜூலை 1 முதல், சரக்கேற்றிய பெட்டியின் சரிபார்த்த எடையைத் தெரிவிக்காமல் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது சர்வதேச விதி. கட்டுரையில் இது விடுபட்டிருந்தது. எடையைக் குறைத்துச் சொல்வோர் ஏமாற்றுவது அதிகாரிகளை மட்டுமல்ல. அடுக்கில் எதை அடியில் வைப்பது என்று திட்டமிடுபவரையும்தான்.

அடுத்த முறை, வண்ணப் பெட்டிகள் குவிந்த துறைமுகப் படத்துக்குப் பதில் ஒரு கன்டெய்னர் கதவை அருகிலிருந்து எடுத்து வெளியிடுங்கள். மொத்த எடை, வெற்றுப் பெட்டியின் எடை, சரக்கு எடை, கொள்ளளவு எல்லாம் அதிலேயே எழுதியிருக்கும்.

இப்படிக்கு,
சரக்கேற்று மேற்பார்வையாளர் ஒருவர்