கயலுக்கு, உன் காரின் அலாரம் குறித்து

அன்பு மகள் கயலுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். காருக்கு அலாரம் போடலாமா என்று நீ போனில் கேட்டபோது, "போட்டுக்கொள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். முப்பது வருடம் காரைக்குடியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை நடத்தியவன் சொந்த மகளின் வண்டிக்கு இப்படியா யோசனை சொல்வது என்று அம்மாவே கேட்டுவிட்டாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொருத்தப் போகும் நாளில் இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்.

வேளச்சேரியில் உன் வீட்டுக்குள் வண்டி நிறுத்த இடமில்லை என்பதும், வார நாட்களில் நீ பறக்கும் ரயிலில் வேலைக்குப் போய்விட, ஆல்ட்டோ தெருவோரத்தில் தனியாக நிற்கிறது என்பதும் தெரியும். எதிர்வீட்டுக்காரரின் காரில் கண்ணாடியை உடைத்துப் பையை எடுத்துப் போனதைக் கேட்ட பிறகு உனக்குப் பயம் வந்தது நியாயமே. ஆனால் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டுப் பையை எடுக்க அரை நிமிடம் போதும். சைரன் கத்தத் தொடங்கி நீ மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் அவன் தெருமுனையைத் தாண்டியிருப்பான். சீட்டில் எதையும் வைக்காமல் போவதுதான் அதற்கு மருந்து. வண்டியையே ஓட்டிக்கொண்டு போவதைத் தடுக்க, உன் சாவிக்குள் ஒரு சிப் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சிப் இல்லாத சாவியைப் போட்டால் ஸ்டார்ட்டர் சுற்றினாலும் எஞ்சின் எடுக்காது. வண்டி வாங்கிய அன்றே அதைச் சோதித்துப் பார்த்தேன்.

அப்படியானால் அலாரம் எதற்கு என்று கேட்பாய். உன்னுடையது பேஸ் மாடல், அதாவது வசதிகள் குறைந்த அடிப்படை வகை. எல்லாக் கதவையும் ஒன்றாகப் பூட்டும் சென்ட்ரல் லாக்கிங் கிடையாது. அலாரம் கிட்டோடு நான்கு கதவுக்கும் மோட்டார் வைத்துவிட்டால் ஒரே பொத்தானில் எல்லாம் பூட்டிக்கொள்ளும். பின் கதவைப் பூட்ட மறந்து போகும் உன் பழக்கத்துக்கு அந்த ஒன்றே போதும். யாராவது கதவைத் திறந்தால் கத்தும் என்பது அடுத்த பயன்.

கிட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் பொருத்துகிறவனின் கையில் இருக்கிறது. இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. 2004-இல் நம் ஊர் டாக்டர் ஒருவரின் மாருதி 800-க்கு அலாரம் பொருத்தினேன். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுபோல நானும் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரை வெட்டி, இடையில் ரிலே என்னும் மின் சுவிட்சைப் போட்டு, இரு முனைகளையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். ஐந்து மாதம் கழித்து ஓர் இரவு, குன்றக்குடி தாண்டி வரும்போது ஓடிக்கொண்டிருந்த வண்டி அப்படியே அணைந்துவிட்டது. பின்னால் வந்த லாரி ஒடித்துத் திருப்பியதால் தப்பினார். நான் டிவிஎஸ் 50-இல் போய் டார்ச் அடித்து டேஷ்போர்டுக்கு அடியில் பார்த்தேன். முறுக்கிய இடம் தளர்ந்து, சூடேறி, டேப்பின் பசை உருகி வழிந்து, செம்பு இழைகள் கறுத்துப் போயிருந்தன. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை; இறங்கி நின்று எனக்கு டார்ச் பிடித்தார். அதற்குப் பிறகு ஓடும் எஞ்சினை நிறுத்தக்கூடிய எந்த வயரையும் அலாரத்துக்காக நான் வெட்டியதில்லை.

ஆகவே கடைக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது இது: எஞ்சின் கட், அதாவது அலாரம் விழித்திருக்கும்போது வண்டியைக் கிளம்பவிடாத இணைப்பு, வைப்பதானால் சாவியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் மெல்லிய வயரில் மட்டும் வைக்க வேண்டும், இக்னிஷனையோ பெட்ரோல் பம்பின் வயரையோ தொடக்கூடாது. ஸ்டார்ட்டர் வயரில் உள்ள ரிலே கெட்டால் நின்ற வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். கத்திப்பாரா பாலத்தின் மேல் ஓடுகிற வண்டி நடுவில் நிற்காது. தள்ளி ஸ்டார்ட் செய்துவிடுவார்களே என்றால், அங்கேதான் சாவியின் சிப் குறுக்கே நிற்கிறது. ரிலேயின் அடியில் 30, 87, 87ஏ என்று எண்கள் இருக்கும். வெட்டிய ஸ்டார்ட்டர் வயரின் இரு முனைகளும் 30-லும் 87ஏ-யிலும் போனால், அலாரத்தின் ஃப்யூஸே போனாலும் கார் கிளம்பும். 87-இல் போட்டால் அலாரம் செத்த அன்று காரும் செத்துவிடும். நீ குனிந்து பார்த்து எண்ணைப் படித்தாலே போதும், அவர்கள் ஒழுங்காகச் செய்வார்கள்.

கப்ளரோடு, அதாவது வண்டியின் வயரில் அப்படியே செருகும் இணைப்பானோடு, வரும் கிட் கிடைத்தால் அதையே வாங்கு. வயரை வெட்ட வேண்டிய இடங்கள் குறையும். வெட்டித்தான் ஆக வேண்டிய இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் என்னும் பிளாஸ்டிக் உறையைப் போட்டுச் சூடாக்கிச் சுருக்கச் சொல். பேட்டரியிலிருந்து எடுக்கும் வயருக்கு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ் கட்டாயம். மஞ்சள் உறையிலும் மஞ்சள் கப்ளரிலும் இருப்பவை ஏர்பேக்குக்கு உரியவை. உன் வண்டியில் இருந்தால் அவற்றின் மேல் யாரும் கை வைக்கக்கூடாது. எந்த வயர் எது என்று கண்டுபிடிக்கப் பழைய பல்பு டெஸ்டரைக் கொண்டுவந்தால் தடுத்துவிடு; இசிஎம் என்னும் எஞ்சின் கணினி உள்ள வண்டியில் மல்டிமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. மீட்டர் எடுத்து வருகிற பையன் இருக்கும் கடைக்குள் போ.

சைரனை பானெட்டுக்குள், எஞ்சினின் புகைக்குழாய்ச் சூடு படாத இடத்தில், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும். மேல்நோக்கி வைத்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் தங்கி, தவளை போல ஈனக் குரலில் கத்தும். அதிர்வைக் கண்டறியும் ஷாக் சென்சாரை வயர்க் கட்டில் தொங்கவிடாமல் தகட்டில் திருகி முடுக்க வேண்டும். அதில் ஒரு சிறு துளையும் உள்ளே ஒரு திருகும் இருக்கும். கதவோரத் தூணை உள்ளங்கையால் அறைந்தால் கத்தவும், விரலால் தட்டினால் பேசாமல் இருக்கவும் வேண்டும் என்ற அளவுக்கு அதைத் திருப்பச் சொல். இதில் கடையை விட்டு அவசரமாகக் கிளம்பினால், விடியற்காலையில் தண்ணீர் லாரி போகும்போதெல்லாம் உன் கார் தெருவை எழுப்பும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிக்குக் கட்டுப்பாடு என்பது சட்டம். அதைவிடப் பக்கத்து வீட்டுப் பாட்டியின் வாய் கடுமையானது. அடிக்கடி பொய்யாகக் கத்தும் அலாரம் உண்மையாகக் கத்தும் நாளில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். தீபாவளி வாரத்தில் சென்சாரை மட்டும் அணைத்து வைக்கும் வசதி ரிமோட்டில் உள்ளதா என்றும் கேள்.

பேட்டரி விஷயம் உனக்குத்தான் முக்கியம், ஏனென்றால் உன் வண்டி நிற்பதே அதிகம். அலாரம் விழித்திருக்கும்போது ஏறக்குறைய 20 மில்லி ஆம்பியர் இழுக்கும். நாளொன்றுக்கு அரை ஆம்பியர்-மணி, மாதத்துக்குப் பதினைந்து. உன் பேட்டரியே 35 ஆம்பியர்-மணிதான். ரேடியோவின் நினைவுக்கும் மற்றவற்றுக்கும் போவதையும் சேர்த்தால் ஒரு மாதம் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அரை மணி நேரமாவது ஓட்டு. ஊருக்கு வந்து நாள்கணக்கில் தங்குவதானால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடு. ஆனால் சைரனுக்குள்ளேயே பேட்டரி உள்ள மாடலானால், அதற்குரிய சின்னச் சாவியால் முதலில் சைரனை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முனையைக் கழற்றிய கணமே அலறும்.

ரிமோட்டில் ஒவ்வொரு முறையும் கோட் மாறும் வகைதானா என்று கேட்டு வாங்கு. மாறாத வகையின் சிக்னலைப் பிடித்து வைத்துக்கொண்டு திறந்துவிட முடியும். சில அலாரங்கள், ரிமோட்டில் திறந்து அரை நிமிடத்துக்குள் கதவைத் திறக்காவிட்டால் தாமாகவே மீண்டும் பூட்டிக்கொள்ளும். டிக்கியை மட்டும் திறந்து சாவியை உள்ளே வைத்து மூடினாயானால் தெருவில் நிற்க வேண்டியதுதான். ரிமோட் வேலை செய்யாத நாளில் அலாரத்தை அணைக்கும் ரகசியப் பொத்தானை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று உன் கையாலேயே தொட்டுப் பார்த்துவிட்டு வா.

புணேயில் உள்ள ஏஆர்ஏஐ என்னும் வாகன ஆய்வு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கருவியானால், இன்சூரன்ஸில் ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி தரும் வழக்கம் உண்டு. பில்லையும் சான்றையும் பத்திரப்படுத்து, புதுப்பிக்கும்போது கேட்டுப் பார். திருட்டு நஷ்டஈடு என்று போனால் இரண்டு சாவியையும் கேட்பார்கள். உன் இரண்டாவது சாவி இங்கே பூஜை அறை டப்பாவில் இருக்கிறது.

வேலை முடிந்ததும் டேஷ்போர்டை மூடுவதற்கு முன் உள்ளே வயர் போன விதத்தை இரண்டு மூன்று போட்டோ எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு மூடச் சொல். அதுவரை பணத்தைக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா